திருடன் வீட்டில் பட்டப்படிப்பு

ஒரு தேசம் தன் பாரம்பரியத்தை எப்படிப் பேணுகிறது, கடந்த காலத்தை எப்படி நினைவுகூர்கிறது என்று கற்க நம் பிள்ளைகள் லண்டனுக்குப் போகிறார்கள். சரியான இடம்தான். களவுபோன சாமானைப் பற்றி எடுத்தவனைவிட விவரமாக யார் சொல்ல முடியும்?

பிரிட்டிஷ் மியூசியத்தில் நுழைவு இலவசம். அது இருக்கும் நாட்டுக்குள் நுழையத்தான் காசு. விசாவுக்கு ஒரு தொகை, மருத்துவத்துக்கென்று ஆண்டுக்கு 776 பவுண்டு, வங்கிக் கடன் வாங்கிக் கட்டும் பல்கலைக்கழகக் கட்டணம் தனி. எல்லாம் கட்டி உள்ளே போனால், 1859இல் மெட்ராஸிலிருந்து கப்பலேறிய அமராவதி பௌத்த ஸ்தூபத்தின் சிற்பங்கள், கண்ணாடிக்குப் பின்னால். அதே ஸ்தூபத்தின் கற்கள் சென்னை எழும்பூர் மியூசியத்திலும் இருக்கின்றன. ஆனால் எழும்பூரில் பார்த்தால் பட்டம் கிடைக்காதே!

திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டுப் பாருங்கள். 1963ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் மியூசியச் சட்டம் கையைக் கட்டிப்போட்டிருக்கிறதாம். சட்டத்தை இயற்றியதும் அவர்கள் பாராளுமன்றம்தான். அள்ளிக்கொண்டு போனபோது எந்தச் சட்டமும் குறுக்கே நிற்கவில்லை. 'எங்களிடம் இருந்தால்தான் பத்திரம்' என்பது இன்னொரு பல்லவி. 2023இல் அந்தப் பத்திரம் சந்தி சிரித்தது. சுமார் 2,000 பொருட்கள் களவுபோயிருந்தன அல்லது சேதமடைந்திருந்தன. சில ஈபேயில் விலைபோயிருந்தன. உடனே மியூசியம், எங்கள் பொருள் உங்கள் கையில் இருந்தால் தயவுசெய்து தெரிவியுங்கள் என்று உலகுக்கே வேண்டுகோள் விடுத்தது. என்ன வாய் இது! அங்கே இருக்கும் தங்கள் சிற்பங்களைக் கேட்டு ஏதென்ஸ்காரர்கள் இதே வேண்டுகோளை எத்தனை காலமாக வைக்கிறார்கள்?

அடிமை முறையை ஒழித்த பெருமையும் பாடத்தில் வரும். 1833இல் ஒழித்தார்கள், 2 கோடி பவுண்டு இழப்பீடும் ஒதுக்கினார்கள். அடிமைகளுக்கு அல்ல, முதலாளிகளுக்கு. அதற்கு வாங்கிய கடன் 2015இல்தான் தீர்ந்தது. அதுவரை பிரிட்டனில் வரி கட்டிய கரீபிய வம்சாவளியினர், தம் முன்னோரைச் சங்கிலியில் கட்டியவர்களுக்கு மொய் எழுதியிருக்கிறார்கள். 2018இல் நிதியமைச்சகம் இதைச் சுவையான தகவலாக ட்விட்டரில் போட்டது. வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு நீக்கியது. பொது நினைவு எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இதைவிடச் செய்முறை வகுப்பு ஏது?

திருப்பிக் கொடுக்கும் அழகையும் பாருங்கள். இன்றைய கானாவில் ஆண்ட அசாந்தே மன்னர்களின் பொன்னைப் 19ஆம் நூற்றாண்டுப் போர்களில் கொள்ளையடித்தார்கள். 2024இல் மனமிரங்கி, லண்டனின் இரண்டு மியூசியங்கள் 32 பொருட்களைக் கானாவுக்கு அனுப்பின. இரவலாக. மூன்றே ஆண்டுகளுக்கு. ஒழுங்காக நடந்துகொண்டால் இன்னும் மூன்றாண்டு நீட்டித்துத் தருவார்கள்.