ராசியில்லாத ரசிகன்

எங்கள் வீட்டில் கிரிக்கெட் பார்க்கும் உரிமை எல்லாருக்கும் உண்டு, எனக்கு மட்டும் கிடையாது. டிவி என் சம்பளத்தில் வாங்கியது, சோபாவுக்குத் தவணை கட்டியதும் நான்தான். இருந்தும் ஆட்டம் சூடு பிடித்தால் என் மனைவி திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, “ஏங்க, கொஞ்சம் உள்ள போங்க” என்பாள். நான் ராசியில்லாதவனாம்.

தீர்ப்பு வந்த நாள் 1999 ஜனவரி 31. சேப்பாக்கத்தில் பாகிஸ்தானோடு டெஸ்ட். 271 எடுக்க வேண்டும். முதுகுவலியைப் பொறுத்துக்கொண்டு சச்சின் 136 அடித்துவிட்டார். இன்னும் 17 ரன்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத் தூக்கம் கலைந்து, முகத்தைத் துடைத்தபடி ஹாலுக்கு வந்து “ஸ்கோர் என்ன?” என்றேன். சக்லைன் பந்தைத் தூக்கி அடித்தார் சச்சின். வாசிம் அக்ரம் பிடித்துவிட்டார். 12 ரன்னில் தோற்றோம். ஜெயித்த பாகிஸ்தான் அணிக்கு சேப்பாக்கமே எழுந்து நின்று கைதட்டியது. அவ்வளவு பெரிய மனசுள்ள ஊரில் எனக்கு மட்டும் அன்று ராத்திரி ரசம் ஆறிப்போய் வந்தது.

மூடநம்பிக்கை என்று வாதாடவும் வழியில்லை. ஸ்கோர் 111 ஆனால் நடுவர் டேவிட் ஷெப்பர்ட் ஒற்றைக் காலைத் தூக்கிக்கொள்வார். மொஹிந்தர் அமர்நாத்திடம் சிவப்புக் கைக்குட்டை இருக்கும். அவர்களுக்கு அது சம்பிரதாயம். எனக்கு நாடு கடத்தல்.

2011 உலகக் கோப்பை இறுதி ஆட்டம். சேவாக் இரண்டாவது பந்தில் போனபோதே எல்லார் பார்வையும் என் மேல் விழுந்தது. சச்சின் 18-ல் அவுட்டானதும், ஒரு முறம் சின்ன வெங்காயத்தோடு அடுப்படிக்கு அனுப்பிவிட்டார்கள். ஈரத்தோல் விரலில் ஒட்டிக்கொண்டு உதறினாலும் விழாது. கண் வேறு எரிச்சல். ஒரே ஆறுதல், பக்கத்து வீட்டு கேபிள் எங்கள் டிஷ்ஷைவிட ஓரிரு நொடி முந்தும். ஃபோர், சிக்ஸ் எல்லாம் சுவர் வழியாக எனக்குத்தான் முதலில் வரும். சார்ஜர் எடுக்க ஹாலைக் கடந்தேன், காம்பீர் 97-ல் போல்டு. அதற்கப்புறம் அசையவே இல்லை. தோனியின் சிக்ஸர் பறந்தபோது நான் பார்த்தது வெங்காயத் தோலைத்தான். (சச்சினும் அதைப் பார்க்கவில்லையாம், டிரெஸ்ஸிங் ரூமில் பிரார்த்தனை. அவரை யாரும் வெங்காயம் உரிக்கச் சொல்லவில்லை.) ஊரே தோனிக்கு நன்றி சொன்னது. என் மனைவியும் முறத்தைப் பார்த்து, “பரவால்ல, சுத்தமா உரிச்சிருக்கீங்க” என்றாள்.

மருமகன் ஒரு டைரி வாங்கித் தந்திருக்கிறார். தினமும் நன்றி சொல்ல மூன்று விஷயம் எழுதினால் வாழ்க்கைக்கு ஒரு பிடிப்பு வருமாம். பிடிப்புக்கு என்ன குறை? நான் எழுந்து போனால் நாடு ஜெயிக்கிறது. இந்தக் கொடுப்பினை எத்தனை பேருக்கு உண்டு?

2023 நவம்பர் 19, அகமதாபாத். 241 எடுக்க வந்த ஆஸ்திரேலியாவுக்கு 47 ரன்னில் மூன்று விக்கெட் போயிற்று. அப்புறம் டிராவிஸ் ஹெட் நங்கூரம் பாய்ச்சிவிட்டார். மகனுக்குத் திடீரென்று மூளை வேலை செய்தது: “அப்பா, இப்ப ஆடுறது அவங்கதானே! நீங்க வந்து உட்காருங்க.” நடு சோபா, முதுகுக்குத் தலையணை, கேட்காமலே காபி. கண் கொட்டாமல் ஹெட்டையே பார்த்தேன். 137 அடித்தார்.

“இவரு ராசி நம்ம ஆளுங்களுக்கு மட்டும்தான் போலிருக்கு” என்று சொல்லி, பாதி குடித்த காபியைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போனாள் மனைவி.