நிழலாய்த் தொடரும் பம்ப் செட்

கேள்வி: தென்னந்தோப்புக்காக ஒரேயொரு நாள் பம்ப் செட் விலையை இணையத்தில் பார்த்தேனுங்க. இப்போது செய்தி வாசித்தாலும், சமையல் குறிப்பு தேடினாலும் பம்ப் செட்டே முன்னால் வந்து நிற்கிறதே, ஏன்? (பொள்ளாச்சி வாசகர்)

பதில்: கோவை ஒப்பணக்காரத் தெருவில் தாங்கள் ஒரு ஜவுளிக் கடைக்குள் நுழைகையில், வாசலில் நிற்கும் அந்நியன் ஒருவன் தங்கள் முதுகில் ஓர் எண்சீட்டை ஒட்டிவிட்டு, பிறகு தாங்கள் காந்திபுரம் போனாலும் மருதமலை ஏறினாலும் அவனுடைய ஆட்கள் அச்சீட்டைப் பார்த்துத் தங்கள் விருப்பங்களைக் குறித்துக்கொண்டே வருவார்களாயின், அதுவே மூன்றாம் தரப்புக் குக்கீ. தாங்கள் திறந்த தளத்துக்கு அப்பாற்பட்ட விளம்பர நிறுவனம் தரும் அடையாளக் குறிப்பை பிரவுசர் பத்திரப்படுத்தி, அந்நிறுவனத்தின் விளம்பரம் தாங்கிய வேறு தளங்களுக்குத் தாங்கள் செல்லுந்தோறும் அதனிடமே திருப்பிக் காட்டுகிறது என்பதே இதன் சூட்சுமம்.

சஃபாரி பிரவுசர் 2020-இல் இத்தகைய குக்கீகளை முற்றிலும் தடுத்தது. ஃபயர்பாக்ஸ், 2022 முதல், ஒவ்வொரு தளத்தின் குக்கீகளையும் தனித்தனி ஜாடியில் அடைத்து, ஒன்றின் வாசனை மற்றொன்றுக்கு எட்டாதபடி செய்தது. குரோமோ, இவற்றை ஒழிப்பதாக 2020-இல் அளித்த வாக்கை 2024-இல் கைவிட்டு, தீர்மானத்தை உபயோகிப்போரிடமே விட்டுவிட்டது. நம் தமிழகத்தின் சோஹோ நிறுவனம் 2023-இல் வெளியிட்ட ‘உலா’ பிரவுசர், பின்தொடர்வோரைத் தடுப்பதையே தன் லட்சியமாகக் கொண்டது.

ஆகையால், அன்பரே, குரோம் உபயோகிப்பவராயின், இன்றே அமைப்புகளைத் திறந்து மூன்றாம் தரப்புக் குக்கீகளைத் தடுத்துவிடுங்கள். தோப்புக்கு வேலியிடும் தாங்கள் அந்தரங்கத்துக்கும் ஒரு வேலி இடுவதே விவேகம்.