தண்ணி சரியில்ல வே

சென்னைக்கு வேலைக்குப் போன நெல்லை அண்ணாச்சியிடம் தலைமுடியைப் பற்றிக் கேட்டுவிடக் கூடாது. கேட்காவிட்டாலும் சொல்லுவார்: "எல்லாம் இந்தப் போர் தண்ணி வே. ஆத்துல குளிச்சவரைக்கும் ஒத்த முடி உதிர்ந்திருக்குமா?" குளித்ததும் துண்டை உதற மாட்டார். ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்து, ஒட்டிய முடிகளை ஒவ்வொன்றாக எடுத்து சோப்பு டப்பா மூடியில் அடுக்குவார். சாட்சியாம். வாளியில் படிந்த உப்புக் கறையையும் காட்டுவார். பண்டிகை முடிந்து நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறும்போது அல்வாவோடு ஒரு கேன் தாமிரபரணியும் ஏறும். அல்வா ருசிக்கே அந்தத் தண்ணீர்தான் காரணம் என்று ஊர் சொல்கிறது. அந்தப் பெருமையைத் தலை வரைக்கும் இழுத்துக்கொள்கிறவரை முழுசாகக் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை.

ஆனால் கணக்கு இடிக்கிறது. தண்ணீர் தலை முழுக்கத்தான் விழுகிறது. நெற்றியோரமும் உச்சியும் காலியாகி, பிடரியில் மட்டும் முடி செழித்திருப்பானேன்? குறுக்குத்துறைப் படித்துறையில் ஆயுசுக்கும் முங்கி எழுந்த பெரியவர்களுக்கு வழுக்கை எப்படி விழுந்தது? பரம்பரையும் ஹார்மோனும்தான் காரணம். டெஸ்டோஸ்டிரோனிலிருந்து உண்டாகும் டி.எச்.டி.க்கு நெற்றி, உச்சி வேர்கள் சுருங்குகின்றன. ஒவ்வொரு சுற்றிலும் முடி மெலிந்து பூனைமுடியாகிறது. பிடரி வேர்கள் அதற்கு அசைவதில்லை; அதனால்தான் அங்கிருந்து எடுத்து முன்னால் நடுகிறார்கள். பருவம் அடையுமுன் விரை நீக்கப்பட்டவர்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்று 1942-இல் ஜேம்ஸ் ஹாமில்டன் என்ற அமெரிக்கர் எழுதினார். ஆண் ஹார்மோன் கொடுத்ததும், அவர்களில் வழுக்கைக் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு விழத் தொடங்கியது. அந்தக் கதையில் தண்ணீருக்கு வேஷமே இல்லை.

"ஊரை விட்டு வந்த பொறவுதானே கொட்டுச்சு?" என்பார். ஊரை விட்டது இருபத்து மூன்று வயதில். பரம்பரை வழுக்கை தலைகாட்டுவதும் பெரும்பாலும் அந்த வயதை ஒட்டித்தான். டைபாய்டோ டெங்குவோ வந்து இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாகக் கொட்டுவதும் உண்டு; அது பெரும்பாலும் தானே முளைத்துவிடும். உப்புத் தண்ணீர் முடியைச் சொரசொரப்பாக்கும் என்பதுவரை அண்ணாச்சிக்கு விட்டுக்கொடுக்கலாம். வேர் தோலுக்குள் இருக்கிறது, அதை உப்பு தொடாது. நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு என்பதால் தாமிரபரணியில் குளித்தாலும் சோப்பு டப்பா மூடி நிறையத்தான் செய்யும்.

வைத்தியம் இல்லாமல் இல்லை. ரத்தக் கொதிப்புக்காக வந்த மினாக்சிடில் 1988-இல் அமெரிக்காவில் தலையில் பூசும் மருந்தாக அனுமதி பெற்றது. பினாஸ்டெரைடு மாத்திரை 1997-இல். நிறுத்தினால் பலனும் போய்விடும். மாத்திரை சிலருக்குத் தாம்பத்தியத்தில் சிக்கல் கொடுக்கும், டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. முக்கியமாக, வேர் சுருங்க ஆரம்பித்த காலத்தில்தான் இரண்டும் நன்றாகக் கேட்கும். பளபளத்துப்போன உச்சியில் மினாக்சிடிலுக்குப் பெரிதாக வேலை இல்லை. அந்த நல்ல வருஷங்களைத்தான் அண்ணாச்சி கேன் சுமந்தே கழித்துவிடுகிறார். இத்தனைக்கும், அந்த ஆற்றில் நெல்லை நகரச் சாக்கடை கலப்பதைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார்.

அடுத்த தடவை ஊருக்கு வரும்போது கேனை வைத்துவிட்டு, ஒரு காலை நேரம் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்த் தோல் டாக்டரைப் பாரும் வே. சீட்டுக்குக் காசு கிடையாது.