ஏலே, அந்தக் கைப்பிடி வச்சதைத்தான் வாங்கப் போறியா?

வாலே, இப்படித் திண்ணையில உக்காரு. எலக்ட்ரிக் கிடார் வாங்கப் போறியாம்ல, உங்கம்மா சொன்னா. அதுவும் கம்பியத் தாங்குத பிரிட்ஜ் ஆடுத மாடலாம். கைப்பிடியப் பிடிச்சு அமுக்கினா ஊரையே கூட்டுமாம். நல்லதுலே, அதையே வாங்கு. சும்மா கிடக்கும்போதே உன் கிடார்ல ஆறு கம்பியும் ஆறு சுருதியில நிக்கு. இனிமே அதுக்கு ஒரு காரணமாவது சொல்லிக்கிடலாம்.

தாத்தன் என்னத்தக் கண்டான்னு நெனைக்காத. எளவட்டத்துல கொடைக்குக் கொடை லைட் மியூசிக் மேடையில கிடார் வாசிச்சவன் நானு. உங்க ஆச்சி அதக் கேட்டு மயங்கல்ல, அது வேற விஷயம்.

கலிபோர்னியாவுல ஃபுல்லர்டன்னு ஒரு ஊரு. அங்க லியோ ஃபெண்டர்னு ஒரு ரேடியோ ரிப்பேர்காரரு. மனுசனுக்குக் கிடார் வாசிக்கவே தெரியாது. அதனாலதான் அவ்வளவு ஒழுங்காச் செஞ்சாரோ என்னமோ. 1950-ல அவரு கொண்டாந்த கிடாருதான் மறு வருஷம் டெலிகாஸ்டர்னு பேராச்சு. பிரிட்ஜ மரத்தோட திருகு போட்டு இறுக்கியாச்சு, கம்பி உடம்புக்குள்ள நுழைஞ்சு முதுகுப் பக்கம் போயி நிக்கும். அதுல கெட்டுப்போவ என்னல இருக்கு? ரோலிங் ஸ்டோன்ஸ் கீத் ரிச்சர்ட்ஸ் டெலிகாஸ்டர்ல ஆறாவது கம்பியையும் கழட்டிப் போட்டுட்டு, அஞ்சே கம்பியில உலகத்தச் சுத்திட்டு வந்தாரு. உனக்கு ஆறு கம்பி போதாம ஒரு கைப்பிடியும் வேணும். பெரிய வித்துவான் பாரு!

ஆட்டுத கருவி முன்னமே உண்டு. பால் பிக்ஸ்பின்னு ஒருத்தரு, மெர்ல் டிராவிஸ் வாசிக்கதுக்காக ஒண்ணு செஞ்சு குடுத்தாரு. அது அடக்கமான சாமான், சுருதிய லேசா நெளிச்சு விடும், அவ்வளவுதான். 1954-ல லியோ ஸ்ட்ராட்டோகாஸ்டர் செஞ்சப்பத்தான் வில்லங்கம் வீட்டுக்குள்ள வந்துச்சு. முன்னால ஆறு திருகு, அதுல சாஞ்சு பிரிட்ஜ் ஆடும். முதுகுல குழி தோண்டி அஞ்சு ஸ்ப்ரிங். விலையக் கேளு: ஆடுதது 249.50 டாலர், ஆடாதது 229.50. இருவது டாலர் கூடக் குடுத்துச் சுருதியக் கெடுத்திருக்கான் வெள்ளக்காரன். என் பேரன் நீ அவனுக்குச் சளைச்சவனா?

தராசு பாத்திருக்கேல்ல? ஒரு தட்டுல கம்பி இழுக்கு, மறு தட்டுல ஸ்ப்ரிங் இழுக்கு. பத்தாம் நம்பர் செட்டு போட்டா கம்பி இழுவை மட்டும் சுமார் 45 கிலோ. ரெண்டு தட்டும் சமமா நிக்கிறவரைதான் சுருதி. ஒரு கம்பி அந்துட்டுன்னு வையி, ஸ்ப்ரிங் ஜெயிச்சிரும், மிச்சம் அஞ்சும் மேல ஏறிரும். நம்ம குழுவுல ஒருத்தன் அப்படி ஒரு கிடார இரவல் வாங்கிட்டு வந்தான். அம்மன் கொடை, பாட்டு பாதியில ரெண்டாவது கம்பி அந்துட்டு. பாடுதவரு ஒரு சுருதி, இவன் ஒரு சுருதி. நல்லவேளை, அந்நேரம் கோயில்ல மேளத்த முழக்கிட்டான், ஒருத்தனுக்கும் ஒண்ணும் கேக்கல. ஆடாத பிரிட்ஜா இருந்தா மிச்சம் அஞ்சு கம்பியில பாட்ட முடிச்சிருப்பான்.

இன்னும் கேளு. ஒரு கம்பிய வளைச்சுக்கிட்டே பக்கத்துக் கம்பியையும் சேத்து அடிச்சா, வளைச்சது ஏறும், சும்மா நின்னது எறங்கும். உள்ளங்கைய பிரிட்ஜ் மேல அழுத்தி வச்சா மொத்தமும் ஏறும். ஆறாவது கம்பிய மட்டும் 'டி'க்கு எறக்கிப் பாரு, மத்ததெல்லாம் கோவிச்சுக்கிட்டு ஏறும். கம்பித் தடிமன மாத்தினா முதுகுத் தகட்டக் கழட்டி, ஸ்ப்ரிங் பிடிச்சிருக்க திருகத் திருப்பணும். பையன ஐ.டி.ஐ.யில சேக்கலியேன்னு உங்கப்பனுக்கு ஒரு கொறை உண்டுல்லா? அது தீந்துரும்.

ஃப்ளாய்ட் ரோஸ் பிரிட்ஜ் இருக்குங்கியா? இருக்கு. 1970களோட கடைசியில அந்தப் பேருள்ள மனுசன் கம்பிய ரெண்டு முனையிலயும் பூட்டிட்டாரு. எட்டி வான் ஹாலன் கைப்பிடிய அடிவரைக்கும் அமுக்கி விட்டாலும் சுருதி பழையபடி வந்து நிக்கும். நெசந்தான். ஆனா கம்பி மாத்த உக்காந்தியோ, நுனிக் குண்ட வெட்டணும், ஆலன் கீயத் தேடணும், அத உங்கம்மா எங்கயாவது எடுத்து வச்சிருப்பா. அப்படிப் பூட்டி வச்ச கம்பியும் அறாமலா இருக்கும்?

அதுக்காகப் பொய் சொல்லப்படாது. 1969-ல வுட்ஸ்டாக் இசை விழாவுல ஹெண்ட்ரிக்ஸ் அமெரிக்க தேசிய கீதத்த வாசிச்சாரே, குண்டு விழுத சத்தமெல்லாம் அதுல வரும். ஆடாத பிரிட்ஜுல அது நடக்கவே நடக்காது. ஜெஃப் பெக் பிக்கத் தூரப் போட்டுட்டு, விரலால மீட்டிக்கிட்டே அந்தக் கைப்பிடிய வச்சுப் பாடகர் மாதிரி இழைஞ்சாரு. கேட்டா எனக்கே ஒண்ணு வாங்கணும்போல இருக்கு. நீயும் வாசிப்ப, ஏன் மாட்ட? மொதல்ல அந்த 'எஃப்' கார்டு பிடிச்சிருலே.

எரிக் கிளாப்டன் வழிதான் உனக்குத் தோதுன்னு தோணுது. ஸ்ட்ராட்டுல அஞ்சு ஸ்ப்ரிங்கையும் மாட்டி, குழிக்குள்ள மரக்கட்டையச் சொருகி, பிரிட்ஜ ஆடவிடாமப் பண்ணினவரு. நீயும் கைப்பிடி வச்சதையே வாங்கு, கூட்டாளிமாருட்ட காட்டு, பொறவு எங்கிட்ட கொண்டா. பரண்ல நல்ல தேக்குத் துண்டு கிடக்கு, செதுக்கித் தாரேன். கைப்பிடி எங்கிட்டயே இருக்கட்டும், பாக்கு இடிக்க ஆவும்.

கடையில ஒண்ணு பண்ணு. சுருதி கூட்டி, கைப்பிடிய நல்லா நாலு அமுக்கு அமுக்கி விட்டுட்டு 'ஈ' கார்டு அடி. கெட்டுட்டுன்னா, "புதுக்கம்பி தம்பி, போகப் போகச் சரியாயிரும்"பான் கடைக்காரன். ஆமான்னு தலையாட்டு. பக்கத்துலயே ஆடாத பிரிட்ஜ் வச்சது ஒண்ணு தொங்கும். அதுலயும் புதுக்கம்பிதானல, எடுத்து வாசிச்சுப் பாரு.