உதட்டுக்குச் சங்கம் உண்டா, தோழர்?

கோவிலம்பாக்கம்

பொதுச்செயலாளர் தோழருக்கு,

எனக்கு வந்த மெமோவை எடுத்துக்கொண்டு மூன்றாவது தடவையாகச் சங்க அலுவலகப் படி ஏறியபோது, "இதெல்லாம் ஒரு விஷயமாம்மா? துடைச்சிட்டுப் போயேன்" என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்தீர்கள். டீக்கு நன்றி.

நான் செய்த குற்றம், லிப்ஸ்டிக் போட்டுக்கொண்டு ரிசப்ஷனில் உட்கார்ந்தது. 'அடர்நிறம் கண்ணை உறுத்துகிறது' என்கிறது மெமோ. யார் கண்ணை என்று அதில் இல்லை. நான் பூசியது நம் சங்கக் கொடியின் நிறம்தான். கேட்டில் அது பறக்கும்போது யாருக்கும் உறுத்தியதாகத் தெரியவில்லை.

போன வருஷம் டிரைவர்களை மீசையைக் குறைக்கச் சொன்னபோது நீங்கள் வாயிற்கூட்டம் போட்டீர்கள். மீசை தமிழனின் மானம் என்று மைக்கில் முழங்கினீர்கள். நானும் வெயிலில் நின்று கைதட்டினேன். மீசைக்கும் உதட்டுக்கும் நடுவே அரை அங்குலம் இருக்குமா? அதில் எந்த இடத்தோடு சங்கத்தின் எல்லை முடிகிறது என்று ஒரு வரைபடம் போட்டுத் தந்தால் புண்ணியமாகப் போகும்.

எல்லை என்றதும் ஞாபகம் வருகிறது. 2011-இல் சென்னை மாநகராட்சியை விரித்தபோது மடிப்பாக்கத்தையும் பள்ளிக்கரணையையும் சேர்த்துக்கொண்டு எங்கள் ஊரை விட்டுவிட்டார்கள். வெளியே இருப்பதே மேல் என்று அந்த மனக்குறை 2024-இல் தீர்ந்தது. மாநகராட்சியின் ரிப்பன் மாளிகையில் லிப்ஸ்டிக் போட வேண்டாம் என்று சொல்லியும் கேட்காத பெண் தபேதார் ஒருவருக்கு மெமோ வந்தது, பின்னாலேயே மணலிக்கு மாற்றலும் வந்தது. மாற்றலுக்கும் லிப்ஸ்டிக்குக்கும் சம்பந்தமில்லை என்றார் மேயர். அந்த அம்மா மெமோவுக்கு எழுதிய பதில்தான் எனக்குப் பிடித்தது: லிப்ஸ்டிக் கூடாதென்று அரசாணை இருந்தால் காட்டுங்கள் என்று கேட்டிருந்தார். நானும் அதே பாணியில், நிலையாணையில் எந்த விதி என்று கேட்டேன். எச்.ஆர். சிரித்தார். நீங்களும் சிரித்தீர்கள். நிர்வாகமும் சங்கமும் ஒருமனதாகச் செய்த காரியம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

"தனியாப் பார்த்துக்கோயேன்" என்றும் சொன்னீர்கள். 1965-க்கு முன்னால், ஒருவரை வேலையைவிட்டே நீக்கினாலும் சங்கமோ சக தொழிலாளர்களோ கையிலெடுத்தால்தான் அது தொழில் தகராறு. அந்த வருஷம்தான் தொழில் தகராறுகள் சட்டத்தில் 2ஏ பிரிவு வந்து, நீக்கப்பட்டவர் தனியாகவே வழக்காடலாம் என்று ஆனது. நீக்கத்துக்குத்தான் அந்தச் சலுகை. மெமோவுக்கும் மாற்றலுக்கும் தொழிலாளி தனியாகப் போய் நிற்க முடியாது. 2020-இன் தொழிலுறவுச் சட்டத்தொகுப்பிலும் அதே கதைதான். ஆக, என்னை வேலையைவிட்டுத் தூக்கும்வரை பொறுத்திருக்கச் சொல்கிறீர்கள். அதற்கும் ஒரு டீ உண்டா?

அமெரிக்காவில் ரயில் எஞ்சினில் கரி போட்ட ஒரு கறுப்பினத் தொழிலாளி, தன்னை உறுப்பினராகவே சேர்க்காத சங்கம் தன் வேலைக்கு உலை வைக்கும்படி ஒப்பந்தம் போட்டதென்று வழக்குத் தொடுத்தார். எல்லோருக்காகவும் பேசும் உரிமை பெற்ற சங்கம் எல்லோருக்காகவும் நியாயமாகப் பேச வேண்டும் என்று 1944-இல் அங்கே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நல்லவேளை, நீங்கள் அங்கே பொதுச்செயலாளராக இல்லை. அவரையாவது சங்கத்தில் சேர்க்கவில்லை. என்னிடம் மாதாமாதம் ரசீது கிழிக்கிறீர்கள்.

இந்த மாதச் சந்தா ஐம்பது ரூபாயை இத்துடன் வைத்திருக்கிறேன். நோட்டின் ஓரத்தில் லேசாகச் சிவப்பு ஒட்டியிருக்கிறது. துடைத்துவிட்டு வரவு வைத்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
சந்தா பாக்கியில்லாத உறுப்பினர்