முழுக்கட்டுரை சேர்

நற்பிட்டிமுனையில் ஒழுங்கைக்கு ஒரு 'முழுக்கட்டுரை சேர்' ஆவது இருப்பார். பகலில் பாடசாலை ஆசிரியர், இஷாத் தொழுகைக்குப் பிறகு ஆய்வாளர். முதுமாணிப் பட்டத்துக்குப் பதிந்து எத்தனை வருடம் என்று கேட்பது மரியாதையில்லை. தேநீர்க் கடையில் உட்கார்ந்ததும் அவரே சொல்லுவார்: "எல்லாம் ரெடி. ஒரேயொரு கட்டுரதான் கிடைக்குதில்ல." அந்த ஒரேயொரு கட்டுரை மாதத்துக்கொன்றாக மாறும்.

ஆய்வுச் சுருக்கத்தைச் சும்மா காட்டி ஆசை மூட்டிவிட்டு, அடுத்த சொடுக்கில் 35 டொலர் அளவில் கேட்பது பெரிய வெளிநாட்டுப் பதிப்பகங்களின் வழக்கம். சேர் அதை உடனே ரூபாவுக்கு மாற்றுவார். பத்தாயிரத்தைத் தாண்டும். பக்கமோ 12. "எங்கட வாப்பாட காணி உறுதிக்கு நொத்தாரிசு கூட இவ்வளவு கேக்கல்ல!" என்பார்.

பல்கலைக்கழக நூலகம் சந்தா கட்டியிருந்தால் அதே கட்டுரை காசில்லாமல் திறக்கும். ஆனால் பதிப்பகம் ஆளின் முகத்தைப் பார்ப்பதில்லை. கணினி எந்த வலையமைப்பில் நிற்கிறது என்று அதன் ஐபி இலக்கத்தைப் பார்க்கிறது. கம்பஸ் வைஃபையில் நிற்கும் போன் ஆய்வாளர், வீதிக்கு வந்துவிட்டால் வழிப்போக்கர். வீட்டிலிருந்தே நூலகக் கணக்கில் நுழைய வழி வைத்திருக்கும் பல்கலைக்கழகங்களும் உண்டு. நம்ம சேர் கடவுச்சொல்லை எழுதிவைத்த டயறி எங்கே என்பது தனி ஆய்வுத் தலைப்பு.

ஒலுவில் ஒன்றும் தூரமில்லை. கல்முனையில் அக்கரைப்பற்று பஸ் ஏறினால் சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் தாண்டி இறங்கலாம். 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி மறுவருடமே தென்கிழக்குப் பல்கலைக்கழகமான நிறுவனம் இருக்கும் ஊர் அது. சேர் அங்கே போகிறவர்தான். நூலகத்தில் மின்விசிறிக்குக் கீழே இடம் பிடிப்பவர்தான். நூலகரிடம் மட்டும் வாய் திறக்கமாட்டார். "கேட்டா நமக்குத் தேடத் தெரியாதெண்டு நெனப்பாங்க." தெரியாது என்பது அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். அதற்காகத்தான் சம்பளமே வாங்குகிறார்கள்.

அவர் நம்புவது சொந்தபந்தத்தை. ஒருமுறை மருதமுனைக் கைத்தறி பற்றிய கட்டுரையொன்று தேவைப்பட்டது. மெல்பேர்ணுக்குக் கோல் போனது.

"மச்சான், மகன் கம்பஸ் போறானெல்லா? தலைப்பு அனுப்பிரிக்கன். எடுத்துத் தரச் செல்லு."

"அவன் படிக்கிறது எஞ்சினியரிங்டா."

"அதுக்கென்ன, லைப்ரரி எல்லாருக்கும் ஒண்டுதானே?"

இதில் மட்டும் சேர் சொன்னது சரி. பையனும் தேடி இரண்டு நிமிடத்தில் இணைப்பை அனுப்பிவிட்டான். தொட்டதும் திறந்தது ஒலுவில் நூலகத்தின் இணையக் களஞ்சியம். காசுமில்லை, கடவுச்சொல்லுமில்லை, உலகத்துக்கே திறந்து கிடக்கிறது. சேர் அசரவில்லை. "அவுஸ்திரேலியாவிலிருந்து எடுப்பித்தேன்" என்ற பெருமிதக் குறிப்போடு தம் மேற்பார்வையாளருக்கு அனுப்பிவைத்தார். அந்தக் கட்டுரையை எழுதியவர் அதே மேற்பார்வையாளர். தலைப்புக்குக் கீழே பெயர் இருக்கத்தான் செய்தது. ஆனால் சேரின் கண் தலைப்பிலிருந்து நேரே தரவிறக்கப் பொத்தானுக்குத் தாவும். இடையில் உள்ள எதிலும் தங்குவதில்லை. தரவிறக்கிய பிறகும் தங்குவதில்லை என்பதற்கு, அவர் மடிகணினியில் 'வாசிக்க' என்ற பெயரில் வீங்கிக் கிடக்கும் கோப்புறை சாட்சி.

ஒருநாள் நூலகத்தில் கேட்டே விட்டார் என்று கேள்வி. "எந்தச் சஞ்சிகை, எந்த வருடம்?" என்று அங்கே கேட்டிருக்கிறார்கள். "மேலே நீலக் கலர்ல வரும்" என்றாராம்.

ஆகவே, சேரின் ஒழுங்கையில் குடியிருப்போருக்கு ஒரு வார்த்தை. நூலகரிடம் போகுமுன் ஆசிரியர் பெயர், தலைப்பு, சஞ்சிகை, வருடம், பக்கம் ஆகியவற்றையும், கட்டுரைக்குரிய அடையாளமான டிஓஐ (DOI) இலக்கம் இருந்தால் அதையும் ஒரு துண்டில் குறித்துக்கொள்ளுங்கள். கூகுள் ஸ்கொலரில் தலைப்பைப் போட்டு, 'எல்லாப் பதிப்புகளும்' என்பதையும் தொட்டுப் பாருங்கள். ஆசிரியரே எங்காவது இலவசமாக ஏற்றி வைத்திருக்கக்கூடும். இலங்கைச் சஞ்சிகை என்றால் தேசிய விஞ்ஞான மன்றத்தின் ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைனில் தேடுங்கள். எங்கும் கிடைக்காவிட்டால் எழுதியவருக்கே ஒரு மின்னஞ்சல் போடுங்கள். அந்த 35 டொலரில் பொதுவாக அவருக்கு ஒரு சதமும் போவதில்லை. தம் கட்டுரையை வாசிக்க ஓராள் இருக்கிறாரே என்ற சந்தோஷத்தில் பலரும் அனுப்பிவிடுவார்கள்.