கலெக்டர் வந்து நைட்டி விப்பாரா?

வா மாப்ள, உக்காரு. திங்கக்கிழமை கலெக்டர் குறைதீர் கூட்டத்துல மனுக் குடுக்கப் போறியாமா? பேஷாப் போ. தள்ளுவண்டிக்காரன் உன்ற யாவாரத்தைக் கெடுக்கறான், பில்லு போடாத திருடன்னு கொட்டை எழுத்துல எழுது. ஒரே சங்கடம், உள்ளூருல வருசம் 40 லட்சத்துக்குள்ள சரக்கு விக்கறவனுக்கு ஜிஎஸ்டி பதிவே வேண்டாம்னு சட்டமே சொல்லுது. தள்ளுவண்டியில 40 லட்சம் வித்தான்னா அவனுக்குப் பொண்ணு குடுக்க நானே முந்திக்குவேன்.

அவன் நைட்டியை 200க்கு விக்கறான், நீ 300. கேட்டா வரிங்கறே. 5 சதம் வரி, 15 ரூபாய்க்கு மேல வராது. மிச்ச 85 ரூபா எங்க போச்சு? உன்ற ஏசியைக் கேளு.

அப்பறம் விலையைக் குறைச்சே, அவனும் குறைச்சான். கவுன்சிலரைப் புடிச்சு வண்டியை எடுக்கச் சொன்னே. 2014ல வந்த சட்டத்துல, அடையாள அட்டை வாங்கின தெருவோர வியாபாரியை நெனச்ச மாத்திரத்துல வெரட்ட முடியாது. போட்டின்னு வந்துட்டா நம்ம ஆம்பளைகளுக்கு எதுத்தாளு மொகந்தான் தெரியுது, வாங்கறவங்க மொகம் தெரியறதில்ல.

உங்கக்கா கடை முன்னாலயும் ஒருத்தி துணி விரிச்சு வித்தா. உங்கக்கா சண்டைக்குப் போகல, கல்லாவுல உக்காந்து பாத்தா. அவ விரிச்சிருந்தது காதர்பேட்டை மார்க்கெட்டுல வாங்கின செகண்ட்ஸ், கம்பெனி கழிச்ச சரக்கு. விலை கம்மி, அளவு சேரலைன்னா மாத்தித் தர ஆளில்ல, சாயம் போனாக் கேக்க நாதியில்ல. உங்கக்கா மாத்தித் தர்றேன்னா, புடிச்சுத் தைச்சுத் தர்றேன்னா, தவணை நோட்டும் போட்டா. அதோட நின்னாளா? தன் கடையில தேங்கின சரக்கை அவகிட்டயே குடுத்து, சாயந்தரம் வித்துத் தரச் சொல்லிட்டா!

ஒடனே பொம்பளைக்குப் புத்தி ஜாஸ்தின்னு பாராட்டுப் பத்திரம் வாசிச்சுராத. உங்கத்தையைக் கல்லாவுல வச்சா, வண்டியோட சேத்து அவனையும் வித்துருவா. உங்கக்காளுக்கு வேற வழியில்ல. கவுன்சிலரை ராத்திரி டீக்கடையில பாக்க உன்னால முடியும். அவ போனா ஊரு கதை கட்டும். விலை குறைச்சுத் தாக்குப்புடிக்கப் பேங்குல கடன் கேட்டா, வீட்டுக்காரர் கையெழுத்து எங்கேன்னாங்க. போக, அவளே மொதல்ல திண்ணையில போர்டும் பில்லும் இல்லாம வித்தவதான? அந்தப் பக்கத்து ஓட்டை ஒடைசல் அத்தனையும் அத்துப்படி.

இந்தப் பொலம்பல் உனக்கு மட்டுமில்ல. உலக வங்கிக்காரங்க நாடு நாடாக் கம்பெனிகளைக் கணக்கெடுக்கறப்ப, பதிவில்லாதவங்க உங்களுக்குப் போட்டியான்னு கேப்பாங்க. மேனேஜர் ஆணா பொண்ணான்னும் குறிச்சுக்குவாங்க. உங்கிட்ட வந்தாப் பேப்பரு பத்தாது.

மனுவைச் சித்தெ ஒத்திவச்சுட்டு அக்காகிட்டப் போ. வெறுங்கையோட போகாத, போன தீபாவளிக்கு எடுத்து விக்காத கட்டைத் தூக்கிட்டுப் போ. வித்துக் குடுப்பா. கமிஷன் கேப்பா, பேரம் பேசாமக் குடுத்துரு.